உண்ணி ஏறிய சுவர்

மேலூர் ரோட்டு வீட்டை முதலில் பார்த்தபோது விஜயராணி அதிகம் யோசிக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் நாயையும் பூனையையும் வைத்துக்கொண்டு வாடகைக்கு வீடு தேடுகிறவர்களுக்கு யோசிக்க ஏது இடம்? கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் எட்டு வீடு பார்த்தாயிற்று. எல்லாம் பேசி முடித்து, கிளம்பும் நேரத்தில் "நாய் ஒண்ணு இருக்குங்க" என்று அவள் சொன்னதும் எதிரில் இருப்பவர்களின் முகம் மாறிவிடும். இந்த வீட்டுக்காரர் மட்டும், "என்ன பேரு?" என்று கேட்டார்.

"பிஸ்தா சார். நாட்டு நாய்தான். கடிக்காது."

வீட்டுக்காரரின் பெயர் யதிராஜன். கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் திருமண், ஒடிசலான உடம்பு. மனைவி போன பிறகு வடக்கு உத்தர வீதியில் தம்பி குடும்பத்தோடு இருப்பதாகச் சொன்னார். வீடு ஆறு மாதமாகப் பூட்டிக்கிடக்கிறது, பெருக்கித் துடைத்துக்கொண்டுதான் வர வேண்டும் என்றார். சாவியைக் கேட் வாசலிலேயே கொடுத்தார். உள்ளே வரவில்லை.

"பின்னாடி ஒரு ரூம் மட்டும் பூட்டியிருக்கும். எங்க சாமான் கொஞ்சம் இருக்கு. அது உங்களுக்கு வேண்டியிருக்காதே?"

"வேண்டாம் சார். ரெண்டு பேருக்கு இதுவே ஜாஸ்தி."

உண்மையிலேயே ஜாஸ்திதான். விஜயராணி அரசுப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. பதினோரு வருடம் மணப்பாறைக்குத் தெற்கே ஒரு கிராமத்துப் பள்ளியில் இருந்தாள். கணவன் வீரமலைக்குத் திருவெறும்பூர் தொழிற்சாலையில் வெல்டர் வேலை; அவன் அங்கே நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்கு வருவான். மகள் வளர்ந்து கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன பிறகுதான் இவளுக்கு ஸ்ரீரங்கத்துக்கு மாற்றல் கிடைத்தது. கல்யாணமான புதிதில் இருந்ததைப்போல இருவரும் ஒரே வீட்டில் இருக்கப்போகிறார்கள். ஜூன் முதல் வாரம் சாமான் இறக்கிய அன்று வீரமலை கூடத்தில் கைகளை விரித்து நின்று, "ராணி, இனிமே தினம் உன் கையால சோறு" என்றான். அவள், "தினம் உங்க கையாலன்னு நான் நினைச்சேன்" என்றாள்.

பூனை மிளகுதான் முதல் நாளே சரியில்லை. கூடையைத் திறந்ததும் தரையில் நாலு அடி நடந்தது, நின்றது, மோந்து பார்த்தது. ஒரே தாவலில் ஃபிரிட்ஜ் மேலே ஏறிக்கொண்டது. சாப்பாட்டுக்கு மட்டும் இறங்கும், தின்ற கையோடு மறுபடி மேலே போய்விடும். புது வீடு, பழக நாளாகும் என்று விஜயராணி விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம். கூடத்துச் சுவரில் எள்ளு ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் தெரிந்தது. துடைக்கப் போனாள். எள்ளு நகர்ந்தது. குனிந்து பார்த்தாள். தட்டையாக, பழுப்பாக, எட்டுக் காலும் தெரிய ஓர் உண்ணி மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே இன்னொன்று. சுவிட்ச் பெட்டியின் விளிம்பில் ஐந்தாறு. அவள் பின்வாங்கி நின்று மொத்தச் சுவரையும் பார்த்தபோது, கண் பழகப் பழக மற்றவையும் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின.

பிஸ்தாவைப் பிடித்துக் காதை மடக்கிப் பார்த்தாள். காதுக்குள்ளே கொத்தாக இருந்தது. விரலிடுக்குகளில், கழுத்துப் பட்டையின் அடியில் சில ரத்தம் குடித்துச் சாம்பல் நிறத்தில் ஆமணக்கு விதைபோல் ஊதியிருந்தன.

"நாய்னா உண்ணி இருக்கத்தான் செய்யும்" என்றான் வீரமலை. அவனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவன். வேலை முடிந்து வந்ததும் பின்வாசல் படியில் உட்கார்ந்து பிஸ்தாவை மடியில் கிடத்திக்கொள்வான். ஒவ்வொன்றாகப் பிடுங்கி, படிக்கல்லில் வைத்துக் கட்டைவிரல் நகத்தால் நசுக்குவான். படியில் சிவப்புப் பொட்டுகள் வரிசையாக விழும். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு அடுத்ததைத் தேடுவான்.

மருந்துக் கடையில் பவுடர் வாங்கித் தூவினாள். வேப்பெண்ணெய் தடவினாள். இன்று ஐம்பது எடுத்தால் நாளைக்கு எழுபது வந்தது. பாயை விட்டுக் கட்டிலுக்கு மாறினார்கள். கட்டில் காலைச் சுவரிலிருந்து நகர்த்திப் போட்டார்கள். காலையில் போர்வையை உதறினால் இரண்டு மூன்று விழும். ஒரு நாள் பள்ளி மைதானத்தில் கபடி நடந்துகொண்டிருந்தபோது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கிட்டே வந்து, "டீச்சர், காலர்ல ஏதோ பூச்சி" என்றாள். விஜயராணி அதைத் தட்டிவிட்டு விசிலை ஊதினாள். அன்று முழுக்கத் தன் கழுத்தைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டுச் சந்திரம்மாள் வாழைத்தோட்டமும் இரண்டு கறவை மாடும் வைத்திருந்தாள். பால் ஊற்ற வந்தவளிடம் விஜயராணி உண்ணியைப் பற்றிச் சொன்னாள். சந்திரம்மாள் செம்பை இறக்கிவைத்துவிட்டு வீட்டைப் பார்த்தாள்.

"உங்ககிட்ட வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்லலையா?"

"என்னத்தங்க?"

"அவரு சம்சாரம் வத்ஸலா மாமி நாலு நாய் வச்சிருந்துச்சு. ரோட்டுல அடிபட்டுக் கெடந்ததையெல்லாம் தூக்கியாந்து வளத்துச்சு. போன ஐப்பசியில ஒண்ணு செத்துச்சு. மூக்குல ரத்தம் ஒழுகி. பத்து நாள்ல இன்னொண்ணு. கார்த்திகைக்குள்ள நாலும் போயிருச்சு. கடைசி நாயைப் பொதைச்ச மறுநா மாமிக்குக் காய்ச்சல். பத்தே நாளு. ஆஸ்பத்திரியில என்ன காய்ச்சல்னே கண்டுபிடிக்கலையாம்." குரலைத் தாழ்த்தினாள். "அந்த வீட்டுல ஏதோ இருக்கும்மா. நான் சாயந்தரம் ஆனா அந்தப் பக்கம் திரும்பறதில்ல."

விஜயராணிக்குப் பேய், தெய்வக் குற்றம் இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அவளைப் பயமுறுத்தியது மூக்கில் ரத்தம் என்ற வார்த்தைதான். இரண்டு நாளாகப் பிஸ்தா சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறது.

அந்தச் சனிக்கிழமை காலை கூடத்துத் தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம் கிடந்தது. சொட்டுகளைப் பின்தொடர்ந்து போனால், பின்னால் பூட்டியிருந்த அறைக் கதவை ஒட்டிப் பிஸ்தா படுத்திருந்தது. ஒரு மூக்குத்துளை ரத்தத்தில் அடைத்திருந்தது. வாலை மட்டும் ஒரு தரம் ஆட்டியது.

பாலக்கரையில் டாக்டர் தஹ்ஸீனின் கால்நடை மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டுபோனார்கள். ஐம்பதை நெருங்கும் பெண், நெற்றியை இறுக்கிச் சுற்றிய முக்காடு, அதிகம் பேசாதவர். பிஸ்தாவின் ஈறை விரலால் அழுத்திப் பார்த்தார். வெள்ளைத் தாளாக இருந்தது. ரத்தம் எடுத்து உள்ளே போனவர் அரைமணி கழித்து வந்தார்.

"உண்ணிக் காய்ச்சல். ரத்தம் உறையறதுக்கு வேண்டிய அணு ரொம்பக் குறைஞ்சிருக்கு. இப்பவாவது கொண்டுவந்தீங்களே. இருபத்தெட்டு நாள் மாத்திரை. ஒரு வேளைகூட விடக்கூடாது. உண்ணி ஒட்டாம இருக்க மாசாமாசம் தனி மாத்திரை." பிறகு இருவரையும் நிமிர்ந்து பார்த்தார். "எவ்வளவு உண்ணி இருக்கு வீட்டுல?"

விஜயராணி சுவரைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"நாய் உடம்புல நீங்க பாக்கறது நூறுல அஞ்சுன்னு வச்சுக்குங்க. மீதி உங்க வீட்டுல இருக்கு. பொம்பளை உண்ணி ரத்தம் குடிச்சதும் இறங்கி, சுவத்துல ஏறி, வெடிப்பு தேடிப் போய் ஆயிரக்கணக்குல முட்டை போடும்."

"ஆறு மாசம் பூட்டிக்கிடந்த வீடு டாக்டர். அத்தனை நாள் எதைத் தின்னுச்சு?"

"ஒண்ணும் தின்னாது. காத்திருக்கும். ஆறு மாசமென்ன, அதுக்கு மேலயும் இருக்கும். நீங்க கதவைத் திறந்து உள்ள போய் மூச்சு விட்டதுமே அதுக்குத் தெரிஞ்சிருக்கும், ஆள் வந்தாச்சுன்னு."

வீரமலை சிரிக்க முயன்றான். டாக்டர் சிரிக்கவில்லை. வீடு முழுக்க மருந்தடிக்க வேண்டும், பதினைந்து நாளுக்கு ஒரு தடவையாக மூன்று தடவை, ஒரு அறையைக்கூட விடக் கூடாது என்றார். உண்ணியைக் கையால் நசுக்கவே கூடாது. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து ஸ்பிரிட்டில் போட வேண்டும். பூனைக்கு வேறு மருந்து எழுதிக்கொடுத்தார். "நாய்க்குப் போடற சொட்டு மருந்தைப் பூனைக்குப் போட்டுறாதீங்க. சிலதுல இருக்கறது அதுக்கு விஷம். போன மாசம்தான் ஒண்ணு என் மேசை மேலயே போச்சு."

கிளம்பும்போது வாசலில் நிறுத்திக் கேட்டார்: "உங்க ரெண்டு பேருக்கும் காய்ச்சல் ஒண்ணும் இல்லையே? வந்தா, வீட்டுல உண்ணி இருக்குன்னு டாக்டர்கிட்ட முதல்ல அதைச் சொல்லுங்க. மறந்துறாதீங்க."

ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறும்போது வீரமலை தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தான். விஜயராணியும் பார்த்தாள்.

மருந்தடிக்க இம்தியாஸ் என்பவரை டாக்டரே அனுப்பிவைத்தார். வீடு முழுக்கச் சுற்றி வந்தவர், பூட்டிய அறைக்கு முன்னால் முட்டிபோட்டுக் கதவுக்கு அடியில் டார்ச் அடித்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, எல்லாம் இங்கேர்ந்துதான் வருது. இதைத் திறக்காம அடிச்சா பிரயோஜனமே இல்ல. வெளிய அடிக்கிற மருந்துக்குப் பயந்து இருக்கறதெல்லாம் உள்ள போய் ஒளிஞ்சுக்கும். அப்புறம் சாவகாசமா வெளிய வரும். சாவி வாங்கி வைங்க, வர்றேன்."

விஜயராணி யதிராஜனுக்குப் போன் செய்தாள். உண்ணி வந்திருக்கிறது, பின்னறையைத் திறக்க வேண்டும் என்றாள்.

"எப்ப வருவீங்க சார்?"

"வரேம்மா. ஜ்யேஷ்டாபிஷேகம் ஆகட்டும். வந்து திறந்துவிடறேன்."

கோயிலில் ஆனி மாதத்து ஜ்யேஷ்டாபிஷேகம் ஆயிற்று. அவர் வரவில்லை. மறுபடி போன் செய்தபோது, "அவ சாமானையெல்லாம் எடுத்து வைக்கணும். எனக்குக் கொஞ்சம் அவகாசம் குடுங்கோ" என்றார். மூன்றாம் தடவை போனை எடுக்கவேயில்லை.

பூட்டை உடைத்துவிடலாம் என்றான் வீரமலை. அடுத்தவர் வீட்டில், அதுவும் வந்து ஒரு மாதம்கூட ஆகாத வீட்டில் பூட்டை உடைப்பதா என்று அவள் தடுத்தாள். அந்தத் தயக்கத்தை நினைத்துப் பின்னால் அவள் எத்தனையோ தடவை தன்னையே திட்டிக்கொண்டாள். அன்றைக்கு அவளால் முடிந்தது, பார்சல் ஒட்டும் அகலமான பழுப்பு டேப்பை வாங்கிக் கதவு இடுக்குகளைச் சுற்றிலும் ஒட்டியதுதான். ஒரு ஓரத்தில் ஒட்டும் பக்கம் உட்புறம் இருக்கும்படி மடித்துவிட்டாள். மறுநாள் காலை அதை உரித்துப் பார்த்தாள். டேப் கனத்தது. ஒட்டும் பக்கம் முழுக்க, ஒன்றன்மேல் ஒன்றாக, கால்களை ஆட்டிக்கொண்டு உண்ணிகள் ஒட்டியிருந்தன. அவள் அதைச் சுருட்டி ஸ்பிரிட் டப்பாவில் போட்டு மூடினாள். அதன் பிறகு அந்தக் கதவை அவளால் முதுகு காட்டிக் கடக்க முடியவில்லை.

அதே நாள் மாலை வீரமலை வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றாமலே சோபாவில் உட்கார்ந்தான். தொட்டுப் பார்த்தாள். கொதித்தது.

பக்கத்திலிருந்த கிளினிக்கில் கூட்டம் வாசல் வரை நின்றது. விஜயராணி மறக்காமல் சொன்னாள்: "டாக்டர், எங்க வீட்டுல உண்ணி நிறைய இருக்கு. நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்திருக்கு."

அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. "நாய்க்கு வர்றது நாய்க்கும்மா. இவருக்கு வைரல். ஊரெல்லாம் இருக்கு. மூணு நாள்ல சரியாயிடும்."

மூன்று நாளில் சரியாகவில்லை. டெங்கு இல்லை என்று சீட்டு வந்தது. மாத்திரை போட்டால் ஒரு மணி நேரம் வேர்க்கும், மறுபடி ஏறும். தலை பிளக்கிறது என்று அழுதான். அவன் அழுது அவள் பார்த்ததில்லை. ஐந்தாம் நாள் காலை, "ஷிப்டுக்கு நேரமாச்சு, வண்டிச் சாவி எங்க?" என்று கேட்டு எழுந்து நின்றான். எந்த வண்டி, எந்த வீடு என்று அவனுக்கே தெரியவில்லை. அவனைப் பிடித்துப் படுக்கவைக்கும்போது சந்திரம்மாள் கஞ்சியோடு உள்ளே வந்தாள். கட்டிலில் விரிந்து கிடந்த அவன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து உள்ளங்கை வரை சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். காலைத் திருப்பினால் உள்ளங்காலிலும்.

"அய்யோ" என்றாள் சந்திரம்மாள். "மாமிக்கும் இப்படித்தாம்மா. இதே எடத்துல. நான் ஆஸ்பத்திரியில பாத்துட்டு வந்த மூணா நாளு போயிருச்சு."

விஜயராணி அதற்குப் பிறகு யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்தாள். தில்லை நகரில் இருந்த பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அவசரப் பிரிவு வாசலில் நின்று, மைதானத்தில் முந்நூறு பிள்ளைகளை அதட்டும் குரலில் சொன்னாள்: "இவருக்கு உண்ணி கடிச்சிருக்கு. வைரல்னு யாரும் சொல்லாதீங்க. முதல்ல அதைப் பாருங்க."

பணியில் இருந்தவர் கோவர்தன் என்ற இளம் டாக்டர். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. திரையை இழுத்துவிட்டு, வீரமலையின் சட்டை, பனியன் எல்லாம் கழற்றி உச்சந்தலையிலிருந்து தேடினார். இடுப்பில் லுங்கி இறுக்கும் இடத்தில், மிளகளவு கறுத்த பொருக்கு ஒன்று இருந்தது. சுற்றிலும் சிவந்திருந்தது.

"இதோ இருக்கு, உண்ணி கடிச்ச எடம். இதுக்கு முன்னாடி பாத்தவங்க சட்டையைக் கழட்டச் சொன்னாங்களா?"

"இல்ல சார்."

அவர் நர்ஸைக் கூப்பிட்டு மருந்தைச் சொன்னார். இந்தக் காய்ச்சலுக்கான பரிசோதனை முடிவு வர நாளாகும், அதுவரை காத்திருக்க முடியாது என்றார். சற்று நேரத்தில் வந்த மற்ற முடிவுகளைப் பார்த்து, சிறுநீரகம் லேசாகத் தடுமாறுகிறது, ரத்த அணுவும் குறைந்திருக்கிறது என்றார்.

"இன்னும் நாலஞ்சு நாள் விட்டிருந்தா?" என்று கேட்டாள்.

"அதை ஏன் இப்ப கேக்கறீங்க?" என்றார் அவர்.

பத்தே நாள் என்று சந்திரம்மாள் சொன்னது அவள் காதில் ஓடிக்கொண்டேயிருந்தது. இரண்டு நாள் அவள் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலை விட்டு நகரவில்லை. பிஸ்தாவையும் மிளகையும் டாக்டர் தஹ்ஸீன் தன் இடத்திலேயே வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலை வீரமலையின் நெற்றி குளிர்ந்திருந்தது. கண்ணைத் திறந்து, "பசிக்குது ராணி" என்றான். அவள் நடைபாதைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்று அழுதுவிட்டு, முகம் கழுவி, இட்லி வாங்கி வந்தாள்.

அன்று மதியம்தான் வத்ஸலா மாமியைப் பற்றி அவனிடம் சொன்னாள். இதே காய்ச்சல், இதே புள்ளி, யாருக்கும் தெரியவில்லை என்றாள். வீரமலை கூரையைப் பார்த்தபடி கிடந்தான்.

"அந்தாள்ட்ட இதைச் சொல்லாத ராணி."

"ஏன்?"

"போனவங்க போயிட்டாங்க. சாதாரண மாத்திரையில பொழைச்சிருப்பாங்கன்னு தெரிஞ்சா அவரு மிச்ச நாளை எப்படித் தள்ளுவாரு?"

அவளுக்கும் அதுதான் சரி என்று பட்டது. சொல்வதில்லை என்று முடிவு செய்தாள்.

வீரமலை ஆஸ்பத்திரியில் இருக்கும் செய்தியைச் சந்திரம்மாள் யதிராஜனுக்கு எட்டவைத்திருந்தாள். அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அவரே போன் செய்து, வந்து திறக்கிறேன் என்றார். விஜயராணி இம்தியாஸையும் வரச்சொல்லிவிட்டு ஸ்ரீரங்கம் போனாள். யதிராஜன் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். முதல் தடவையாக அவளோடு உள்ளே வந்தார். பின்னறைக்கு முன்னால் நின்று, கிழிந்து தொங்கிய டேப்பைப் பார்த்தார். பூட்டில் சாவியை விட்டுத் திருப்பினார்.

கதவு திறந்ததும் புழுக்கம் முகத்தில் அடித்தது. தரையில் நாலு கோணிச்சாக்கு, நாலு தட்டு. ஒரு மரக்கட்டிலில் சுருட்டிய மெத்தை. கொக்கியில் புடவைகள். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் கறுப்பு மணி கோத்ததுபோல் அறையைச் சுற்றி ஒரு கரை ஓடியது. வெளிச்சம் பட்ட இடத்தில் அந்தக் கரை அசைந்தது. விஜயராணி வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். இம்தியாஸ், "யா அல்லாஹ்" என்றார்.

யதிராஜன் எதையும் பார்க்கவில்லை. நேராகக் கட்டிலுக்குப் போனார். மெத்தைக்கு மேலே மடித்துவைத்திருந்த ஒரு கம்பளிச் சால்வையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"பத்ரிக்குப் போனப்போ வாங்கினது. அவளுக்குக் குளிர் தாங்காது. கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் இதைத்தான் போத்திண்டிருந்தா. இது ஒண்ணு போறும். மத்ததை நீங்க என்ன வேணா பண்ணிக்கோங்கோ."

"சார், அதைக் கீழ வைங்க."

"இது ஒண்ணுதாம்மா."

"வெந்நீர்ல போட்டு எடுத்துத் தரேன் சார். இப்ப எடுத்துட்டுப் போகாதீங்க."

"தண்ணியில போட்டா அவ வாசனை போயிடும்." அவர் கேட் பக்கம் நடக்கத் தொடங்கினார். "பயப்படாதீங்கோ. என் ரூம்லதான் இருக்கும். தம்பி பேத்தி மைத்ரேயி மட்டும்தான் அங்க வருவா. மூணு வயசு. என் மடியிலதான் தூங்குவா."

சால்வையின் மடிப்பிலிருந்து ஒன்று வெளியே வந்து அவர் கைவிரலில் ஏறுவதை விஜயராணி பார்த்தாள். வீரமலை சொன்னது ஞாபகம் வந்தது. கூடவே, தான் பார்த்தேயிராத அந்த மூன்று வயதுக் குழந்தையின் உள்ளங்கையும் நினைவில் வந்தது. குறுக்கே போய்க் கேட்டை மறித்து நின்றாள்.

"சார், மாமியோட உள்ளங்கையில சிவப்பா புள்ளி வந்துச்சா?"

அவர் நின்றார். "வந்தது."

"எங்க வீட்டுக்காரருக்கும் வந்துச்சு. உண்ணிக் காய்ச்சல்னு சொல்லி மருந்து குடுத்தாங்க. மாமிக்கு வந்ததும் அதுதான்னு நினைக்கிறேன் சார். நாய்ங்களுக்கும் உண்ணிதான். எல்லாம் அந்த ரூம்லேர்ந்துதான். இதைக் குழந்தை இருக்கற வீட்டுக்குக் கொண்டுபோகாதீங்க."

யதிராஜன் அவளைப் பார்த்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார். உண்ணி மோதிரத்தைத் தாண்டி மணிக்கட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"இதுவா?" என்றார். "இதுவா பண்ணித்து?"

அவள் தலையை ஆட்டினாள்.

"இதுகளைக் கொல்ல நான் விடலையேம்மா." குரல் தணிந்து, யாரிடமோ கணக்குப் பாடம் விளக்குவதுபோல் வந்தது. "அவ ரெண்டு தரம் மருந்து வாங்கிண்டு வந்தா. ஒரு உசிரைக் காப்பாத்த இன்னொரு உசிரை எடுக்கணுமான்னு கேட்டு, அவ கையிலேர்ந்து வாங்கி வெச்சுட்டேன். தினம் கார்த்தால நானே நாய்கள் மேலேர்ந்து ஒண்ணொண்ணா எடுப்பேன். நசுக்கமாட்டேன். கொட்டாங்குச்சியில போட்டு, பின்னாடி தென்னமரத்தடியில கொண்டுபோய் விட்டுடுவேன். போய்ப் பிழைச்சுக்கோன்னு."

தென்னை மரம் பின்னறையின் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. விஜயராணி அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர் திரும்பினார்.

"இதுக்கு மருந்து இருக்கோ?" என்று கேட்டார். "ரொம்பப் பெரிய வைத்தியமோ?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அவளால் முடியவில்லை.

"மாத்திரைதான் சார். ரெண்டு நாள்ல காய்ச்சல் இறங்கிடுச்சு."

அவர் தலையை ஆட்டினார். சால்வையை அவள் கையில் கொடுத்தார். மணிக்கட்டை எட்டிவிட்ட உண்ணியைத் தட்டிவிடாமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்து, இன்னொரு கையின் நகத்தால் அழுத்தினார். ரத்தம் தெறித்தது. இம்தியாஸைப் பார்த்து, "அடிச்சுடுங்கோ" என்று சொல்லிவிட்டு, செருப்பைப் போடாமல் ரோட்டில் இறங்கி நடந்தார். விஜயராணி செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். கூப்பிட்டும் அவர் நிற்கவில்லை.

மூன்று தடவை மருந்தடித்தார்கள். சாக்கையும் மெத்தையையும் கொளுத்தினார்கள். வெடிப்புகளையெல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். முதல் தடவைக்குப் பிறகு முறத்தால் அள்ள வேண்டியிருந்தது. மூன்றாவதற்குப் பிறகு தேடினாலும் கிடைக்கவில்லை. வீரமலை ஒரு மாதம் கழித்து வேலைக்குப் போனான். இளைத்துப்போயிருந்தான், தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, ஆனால் ஆள் இருந்தான். பிஸ்தா இருபத்தெட்டு நாள் மாத்திரையும் சாப்பிட்டு முடித்தது. வீட்டை மாற்றலாமா என்று இருவரும் பேசினார்கள். மறுபடி எட்டு வீடு, மறுபடி அதே முகங்கள். அங்கேயே இருந்துவிட்டார்கள். வாடகை விஷயமெல்லாம் யதிராஜனின் தம்பியே பேசினார்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொதிநீரில் போட்டு அலசி உலர்த்திய சால்வையை எடுத்துக்கொண்டு விஜயராணி வடக்கு உத்தர வீதிக்குப் போனாள். கம்பளி சுருங்கிக் குழந்தைப் போர்வை அளவுக்கு ஆகியிருந்தது. கொடுப்பதா வேண்டாமா என்று பலநாள் யோசித்துத்தான் வந்திருந்தாள். தம்பி மனைவி வாசலுக்கு வந்து, அவள் யாரென்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"அவர் முன்ன மாதிரி இல்லம்மா. கோயிலுக்குப் போறதில்ல. காத்தால ஒரு தரம், சாயந்தரம் ஒரு தரம் குழந்தையைப் பிடிச்சு வெச்சுண்டு காது, கழுத்து, விரலிடுக்கெல்லாம் டார்ச் அடிச்சுத் தேடறார். அது பயந்து அலறறது. அவர் குரலைக் கேட்டாலே இப்ப ஒளிஞ்சுக்கறது. எங்காத்துல நாயே கிடையாதும்மா. சொன்னா கேக்கமாட்டேங்கறார்."

யதிராஜன் உள்ளேயிருந்து வந்தார். அவளை அடையாளம் தெரிந்தது. கையிலிருந்த சால்வையைப் பார்த்தார், அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"உங்க ஆத்துக்காரர்?"

"நல்லா இருக்காரு சார். வேலைக்குப் போறாரு."

"நீங்க?"

"நல்லா இருக்கேன்."

"கையைக் காட்டுங்கோ."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே வந்து நின்றார். அவள் சால்வையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டினாள். அவர் தொடாமல் குனிந்து, ஒவ்வொரு ரேகையாக, மணிக்கட்டு வரை பார்த்தார். நேரம் போய்க்கொண்டேயிருந்தது. வீதியில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னிக்கு இல்லை" என்றார். "நாளைக்கும் பாத்துக்கோங்கோ."

உள்ளே எங்கோ குழந்தை அழத் தொடங்கியது. அவர் டார்ச்சைத் தேடி எடுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தை நோக்கிப் போனார்.